பாடுகிறோமா, போடுகிறோமா?

கேள்வி (ஆத்தூர் வாசகர் ஒருவர்), 3 ஜூலை 2024

நம் பேச்சில் பாட்டு என்றாலே ஏன் இத்தனை இளக்காரம்? மேலதிகாரியைப் புகழ்ந்தால் துதிபாடி. அவருக்கு ஆமாம் போட்டால் பின்பாட்டு. கஷ்டத்தைச் சொன்னால் பஞ்சப்பாட்டு, கொஞ்சம் நீட்டிச் சொன்னால் முகாரி. சொன்னதையே சொன்னால் அதே பல்லவி. இரண்டு கட்சிகள் மாறி மாறிக் குற்றம் சாட்டினால் லாவணி. ஒரு திட்டத்தை ஊற்றி மூடினால் மங்களம் பாடியாயிற்று. பாட்டுக்குப் பேர்போன இனம் என்று மேடையில் சொல்லிக்கொள்கிறோம். நாக்கில் அது வசவாகத்தான் வருகிறது. நாம் பாட்டை மதிப்பதே இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

3 ஜூலை, இரவு

மறுக்கிறேன். சேலம் அம்மாப்பேட்டையில் முப்பத்தோரு ஆண்டுகளாக மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம், கருமாதி என்று எல்லா இடத்துக்கும் என் ஒலிபெருக்கிக் குழாய் போயிருக்கிறது. நீங்கள் அடுக்கிய சொற்களை நீங்களே ஒருமுறை திரும்பப் படியுங்கள். பாட்டைக் காசுக்கும் பயத்துக்கும் விற்பவனைத்தான் அவை திட்டுகின்றன. மனத்தில் இல்லாததைப் பாடுகிறான் என்பதால்தான் துதிபாடிமேல் நமக்குக் கோபம். பின்பாட்டு என்பது பஜனையில் கௌரவமான வேலை. முன்னால் பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தைப் பின்பாட்டுக்காரர்தான் தாங்குகிறார். அதைக் கொண்டுபோய் அலுவலகத்தில் செய்தால் அசிங்கம்.

லாவணிக்கு நீங்கள் செய்தது பெரிய அநியாயம். தஞ்சைப் பக்கம் மாசியில் காமன் பண்டிகைக்கு எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரண்டு பேர் டேப் என்ற கைப்பறையை அடித்துக்கொண்டு விடிய விடியப் பாடுவார்கள். மன்மதன் எரிந்தானா, இல்லையா என்பதுதான் வழக்கு. புராணம் தெரிய வேண்டும், எதிராளி விட்ட சந்தத்தில் அங்கேயே பதில் கட்ட வேண்டும். இரண்டு கட்சிகள் லாவணி பாடுகின்றன என்று பத்திரிகை எழுதும்போது அவமானம் லாவணிக்காரருக்கு.

4 ஜூலை

இரவு தூக்கம் வரவில்லை. இதே கேள்வியை நினைத்துக்கொண்டு புறநானூற்றை எடுத்தேன். 72-ஆம் பாட்டு, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன் பாடியது. சிறுவன் என்று தன்னை எள்ளிய மன்னர்களைத் தோற்கடிக்காவிட்டால் தனக்கு என்னென்ன கேடு வரட்டும் என்று அவன் வஞ்சினம் கூறுகிறான். குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும் என்கிறான். அடுத்து, மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் ஒதுக்கட்டும் என்கிறான். ஒரு அரசன் தனக்குத் தானே இட்டுக்கொள்ளும் சாபம் இது, உன் மண்ணை யாரும் பாட மாட்டார்கள் என்பது. பாட்டை மதிக்காத மொழியில் இப்படி ஒரு சாபம் பிறக்குமா?

இன்னொன்று, நம் பக்கத்திலேயே. திருச்செங்கோட்டைப் பாடல் பெற்ற தலம் என்கிறோம். கொங்கு நாட்டில் அப்படி ஏழு. சம்பந்தர் பாடினார் என்பதால் ஒரு மலைக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேலாக மரியாதை நிற்கிறது. பெற்ற என்ற சொல்லைக் கவனியுங்கள். பிள்ளை பெறுவதுபோல, வரம் பெறுவதுபோல.

4 ஜூலை, மதியம்

சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தான்’ என்கிறோம். யாரையும் சட்டை செய்யாமல், வாய்க்குள் ஒரு பாட்டை வைத்துக்கொண்டு நடக்கிறவன். சுதந்திரத்துக்கு இதைவிட நல்ல சொல் உண்டா?

7 ஜூலை

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ‘அண்ணா, நீங்கள் பாட்டை விற்றுப் பிழைத்தவர்தானே?’ கேள்வி நியாயமானது. பதில் நீளமாகத்தான் இருக்கும்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன். பட்டறைக்காரர் வீட்டுக் கல்யாணம், வெள்ளிக் கொலுசு செய்கிற குடும்பம். முதல் நாள் சாயங்காலம் நலங்கு. ஐந்தாறு ஆயாமார்கள் பாயில் உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். நான் புதிதாக வாங்கிய ஆம்ப்ளிஃபயரைக் காட்டும் ஆசையில் இருந்தேன். கேசட்டைச் செருகினேன். இரண்டு குழாய், ஒன்று தெருவைப் பார்த்து, ஒன்று வீட்டைப் பார்த்து. நடுவில் உட்கார்ந்திருந்த ஆயா முதல் அடியைத் தொடங்கியிருந்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது, குரல் கேட்கவில்லை. என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளத் தொடங்கிவிட்டார். மற்றவர்களும் எழுந்து சமையல் பக்கம் போனார்கள். அன்றைக்கு எனக்குப் பாராட்டுதான் கிடைத்தது. அந்தத் தெருவில் அடுத்த நான்கு கல்யாணமும் எனக்கே வந்தது. நான்கிலும் நலங்குக்கு யாரும் பாயில் உட்காரவில்லை.

அதன்பின் எந்தக் கல்யாண வீட்டிலும் ‘பாட்டுப் பாடுங்கள்’ என்று யாரும் சொல்லி நான் கேட்கவில்லை. ‘பாட்டுப் போடுங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள். பாடு, போடு. ஒரு எழுத்து மாறியதில் ஒரு தலைமுறையின் வாய் அடைத்துப்போயிற்று. அதற்கு என் கையும் உடந்தை. இதை எழுத எனக்கு இத்தனை ஆண்டு ஆயிற்று.

8 ஜூலை

ஆயாமார்கள் சுருதி விலகித்தானே பாடுவார்கள், போனால் என்ன என்கிறார் ஒருவர். ஐயா, நலங்குப் பாட்டு கச்சேரி அல்ல. மாப்பிள்ளையின் தங்கை எத்தனை இட்லி தின்றாள் என்பது அதில் வரும். மாமியார் கஞ்சத்தனம் வரும். பெண்ணைப் பெற்றவள் நேரில் சொல்ல முடியாததைச் சம்பந்தியின் முகத்துக்கு நேரே, சிரிப்போடு, அத்தனை பேர் முன்னிலையில் சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் வழி. கேசட்டுக்கு அந்தச் சம்பந்தியைத் தெரியாது. நீங்கள் சுருதியைப் பார்க்கிறீர்கள், நான் அந்தத் தாயைப் பார்க்கிறேன்.

9 ஜூலை

திருத்தம். 4-ஆம் தேதி மதியம் எழுதியது தவறு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். ‘அவன் பாட்டுக்கு’ என்பதில் பாட்டு இல்லை. அது பாடு என்ற பெயர்ச்சொல். ‘அவன் பாடு, அவன் பெண்டாட்டி பாடு’ என்கிறோமே, அந்தப் பாடு. வீடு வீட்டுக்கு ஆவதுபோலப் பாடு பாட்டுக்கு ஆகிறது. பாடுபட்டான் என்பதும் அந்தச் சொல்தான், படு என்பதிலிருந்து வந்தது. பாடுகிற பாடு வேறு.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காது இரண்டையும் ஒன்றாகத்தான் கேட்கிறது. பாடுபடுகிறவன்தான் பாடினான். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் கவலையில் இறைக்கிறவன் மாட்டைப் பின்னுக்கு நடத்தும்போது பாடினான், நெல் குத்துகிறவள் உலக்கை விழும் தாளத்துக்குப் பாடினாள். எங்கள் அம்மா தறிக்கான நூலை ராட்டையில் தாராகச் சுற்றும்போது நாள் முழுக்கப் பாடுவார். தறிக்காரர் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவு விரிப்பார்கள், தமிழும் கன்னடமும் தெலுங்கும் சௌராஷ்டிரமும் ஒரே தெருவில் கேட்கும். அம்மா சந்தோஷமாக இருந்தார், அதனால் பாடினார் என்றுதான் சிறுவயதில் நினைத்திருந்தேன். அந்தப் பாட்டின் முதல் அடி மட்டும் என்னிடம் இருக்கிறது. விசைத்தறி வந்தபின் தெருவில் மனிதக் குரலே கேட்காமல் போயிற்று.

13 ஜூலை

கட்சிக் கூட்டம் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் கட்டியிருக்கிறேன்.

தலைவர் ஏழு மணிக்கு என்று சுவரொட்டியில் இருக்கும், பத்துக்குத்தான் வருவார். நடுவில் உள்ள மூன்று மணி நேரம் என் பொறுப்பு. கூட்டம் கலையாமல் நிற்பது பாட்டால்தான். அதில் நாகூர் அனிஃபாவின் குரலுக்கு நிகராக நான் எதையும் கண்டதில்லை. மைக் இல்லாமலே மைதானத்தின் கடைசிக்குக் கேட்கும் குரல் அது. அதே குரல் காலையில் தர்காவில் இறைவனைப் பாடும், மாலையில் திராவிட முன்னேற்றக் கழக மேடையில் கொடியைப் பாடும். அவர் இரண்டையும் நம்பிப் பாடினார், அதனால் இரண்டும் கேட்கிறவனைப் பிடித்தது. 2015-இல் அவர் மறைந்த அன்று கடையில் ஒரு பக்கம் முழுக்க அவர் பாட்டையே ஓடவிட்டேன். தெருவில் போனவர்கள், அந்தக் கட்சியைப் பிடிக்காதவர்களும்தான், நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அவருக்கு முன்னால் கே. பி. சுந்தராம்பாள். கொடுமுடியில் பிறந்து, ரயிலில் பாடி, நாடகத்துக்குப் போய், காங்கிரஸுக்காக ஊர் ஊராகப் பாடியவர். பிறகு சென்னை மாநிலச் சட்ட மேலவை உறுப்பினரானார். இன்று சினிமாவிலிருந்து சட்டமன்றத்துக்குப் போவது நமக்குச் சாதாரணம். அந்தக் கதவைத் திறந்தது ஒரு பாட்டுக் குரல் என்பதை மறந்துவிடுகிறோம்.

அவருக்கும் முன்னால் நாடக நடிகர் விஸ்வநாத தாஸ். வள்ளி திருமண நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை ஓட்டுவாள் அல்லவா, அங்கே வெள்ளைக் கொக்கை ஓட்டிப் பாடுவார்கள். கொக்கு வெள்ளைக்காரன்தான் என்று பார்க்க வந்தவனுக்கும் தெரியும், பின்வரிசையில் நிற்கும் போலீஸுக்கும் தெரியும். மேடையிலிருந்தே கைது செய்து கூட்டிப்போன நாட்கள் உண்டு. 1940-இல் முருகன் வேடத்தில், மேடையிலேயே, அவர் உயிர் போயிற்று.

துதிபாடி என்ற ஒரே சொல்லில் இவர்களையும் அடக்கப் பார்க்கிறீர்களா, ஆத்தூர் நண்பரே?

15 ஜூலை

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே எழுதியதற்கெல்லாம் மதிப்பில்லை.

ஒரு விழா. இடம் வேண்டாம். இருநூறு பேருக்குமேல் இருந்தார்கள், படித்தவர்கள். தமிழ்த்தாய் வாழ்த்து. பென் டிரைவில் போட்டேன். இரண்டாம் அடியில் நின்றுவிட்டது. என் பிழை, அதைச் சோதித்திருக்க வேண்டும். எல்லாரும் எழுந்து, கையைக் கட்டி, நேராக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவராவது தொடர்ந்து பாடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். பள்ளியில் தினமும் கேட்டது, மனப்பாடமாக இருப்பது. ஒரு வாயும் திறக்கவில்லை. அந்த அமைதியை என் காதால் தாங்க முடியவில்லை. அமைப்பாளர் பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: ‘அடுத்ததைப் போட்டுவிடுங்கள்.’

மனோன்மணீயம் சுந்தரனார் 1891-இல் எழுதிய வரிகள் அவை. 1970 முதல் அரசு விழாக்களில் ஒலிக்கின்றன. எம். எஸ். விஸ்வநாதன் மோகனத்தில் மெட்டமைத்தார். 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த ஆணையில் 55 விநாடியில் பாட வேண்டும் என்று இருக்கிறது. நாட்டுப்பண்ணுக்கு 52, இதற்கு 55. அந்த மூன்று விநாடி வித்தியாசம் என் விரலுக்கே தெரியும். அதே ஆணை, இசைத்தட்டில் ஒலிக்கவிடுவதைத் தவிர்த்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பாடவைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அரசாணையில் என் மனத்துக்குப் பிடித்த ஒரு வரி உண்டென்றால் அதுதான். அதற்குப் பிறகும் நான் எத்தனையோ விழாக்களில் பொத்தானை அழுத்தியிருக்கிறேன். பாடுகிறோம், மைக் மட்டும் கொடுங்கள் என்று கேட்டவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

15 ஜூலை, இரவு

ஒருவர் கேட்கிறார்: ‘எல்லாரையும் கட்டாயப்படுத்திப் பாடவைக்க வேண்டும் என்கிறீர்களா?’ இல்லவே இல்லை. 1985-இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். நாட்டுப்பண் பாடும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை. மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, எழுந்து நின்று மௌனமாக இருப்பது அவமரியாதை ஆகாது என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கும். அந்தப் பிள்ளைகளின் மௌனத்தில் ஒரு முடிவு இருந்தது. நான் மேலே எழுதிய விழாவில் இருந்த மௌனம் அப்படிப்பட்டதல்ல. பாட வேண்டியவர்கள் நாம்தான் என்ற நினைப்பே அங்கே யாருக்கும் வரவில்லை.

21 ஜூலை

ஏற்காட்டுக்குப் போய்வந்தேன், வேறு வேலையாக. போகும் வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. டி. ஆர். சுந்தரம் 1935-இல் தொடங்கிய படநிறுவனம், இன்று அந்த வளைவுதான் மிச்சம். அந்தக் காலத்துப் பேசும் படத்தில் நடிக்க வேண்டுமானால் பாடத் தெரிய வேண்டும். கேமராவுக்கு முன்னால், வாத்தியக்காரர்களை மரத்துக்குப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, நடிப்பவரே பாடுவார். பிறகுதான் பின்னணிப் பாட்டு வந்தது. முகம் ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கு. டி. எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடினார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இன்னாருக்கு என்று சொல்லிவிடலாம். அது பெரிய வித்தை, குறை சொல்ல மாட்டேன். பாடுவது என்பது நமக்காக வேறொருவர் செய்கிற வேலை என்ற எண்ணம் அங்கிருந்துதான் நமக்கு ஒட்டிக்கொண்டதோ என்று வளைவைத் தாண்டும்போது தோன்றியது.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறுகிறவரைக்கும் இன்னொரு கல்யாணம் நினைவில் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, வைகாசியில், ஏற்காட்டைத் தாண்டி உள்ளே ஒரு மலைக் கிராமம். செட்டை ஜீப்பில் ஏற்றிப் போய்க் கட்டினேன். மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் இல்லை. நான் வெட்கத்தில் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். உள்ளே ஒரு கிழவி கைதட்டிக்கொண்டு தொடங்கினார். பெண் பேர் அதில் வந்தது. இன்னொருத்தி ஒரு அடி சேர்த்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் விடவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து எசப்பாட்டு வந்தது. ஒரு மணி நேரம் மாறி மாறிப் போயிற்று. பாதிச் சொற்கள் எனக்குப் புரியவில்லை. அவர்கள் சிரித்த இடத்தில் நானும் சிரித்தேன். கரண்ட் வந்ததும் எழுந்து செட்டுப் பக்கம் போனேன். பெண்ணின் மாமன் என் தோளைத் தொட்டு, ‘அண்ணா, கொஞ்ச நேரம் போகட்டும்’ என்றார். விடியும்வரை நான் எதையும் போடவில்லை.

அந்தக் கிழவி காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். காலையில் பேசிக்கொண்டிருந்தபோது சொன்னார்: ‘பனி இறங்கிவிட்டால் அடுத்த செடி தெரியாது சாமி. பாடிக்கொண்டே பறிப்போம். பாட்டு நின்றால் ஆள் எங்கேயோ விழுந்துவிட்டாள் என்று அர்த்தம்.’

பாட்டுக்கு இப்படி ஒரு பொருள் இருப்பதை எந்த அகராதியிலும் நான் பார்த்ததில்லை. ‘நான் இங்கேதான் இருக்கிறேன்’ என்ற பொருள்.

22 ஜூலை

மறுபடி யோசித்தேன். போடுவதை ஒரேயடியாகச் சபித்துவிட்டேனோ? எங்கள் பக்கத்துத் தனியார் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள். முழு நாள் கால்கடுக்க வேலை பார்த்துவிட்டு வரும் பெண், கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, ஸ்பீக்கரில் வரும் பாட்டோடு உதட்டை அசைக்கிறாள். அந்த உதட்டசைவும் பாடுவதுதான். என் அப்பா கடைசி மூன்று மாதம் பேச்சில்லாமல் படுத்திருந்தார். அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் வலது கை விரல் கட்டிலில் தாளம் போடும். அதுதான் அவர் எங்களோடு பேசிய பேச்சு. ஆகவே கருவியை நான் பழிக்கவில்லை. பாட ஆள் இருக்கும் இடத்தில் அவர்கள் வாயை மூடிவிட்டுப் போடுவதைத்தான் சொல்கிறேன். அதையும் விடிய விடியப் போடக் கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் விதி இருக்கிறது.

11 ஆகஸ்ட்

ஆடிப் பண்டிகை வேலையில் ஏறக்குறைய மூன்று வாரம் எழுத முடியவில்லை. கோயில் கோயிலாகக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகப் போயிற்று. குகையில் வண்டி வேடிக்கை பார்த்தவர்களுக்குத் தெரியும், சாமி வேடம் போட்டவர்கள் வண்டியின் மேல் அசையாமல் நிற்க, தெருவே ஆடும்.

எழுத வந்தது வேறு. என் அக்கா பொன்னம்மாப்பேட்டையில் இருக்கிறாள், எழுபது வயது. பேத்தி இதையெல்லாம் படித்துக் காட்டியிருக்கிறாள். நேற்று என்னைக் கூப்பிட்டனுப்பினாள். ‘அம்மா சந்தோஷத்தில் பாடினார் என்று எழுதியிருக்கிறாயே, யார் சொன்னார்கள்?’ என்றாள். எனக்குத் திக்கென்றது.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. தார் இத்தனை என்று முதலாளியிடம் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு தாருக்கு ஒரு அடி. பாட்டு முடிந்தால் ஒரு புளியங்கொட்டையை எடுத்து டப்பாவில் போடுவார். சாயங்காலம் கொட்டையை எண்ணினால் கூலி. ஏற்றம் இறைப்பவன் எத்தனை சால் தண்ணீர் என்று பாட்டால் எண்ணினான் எனப் படித்திருக்கிறேன். என் வீட்டில், என் காதுக்குப் பக்கத்தில், அதே கணக்கு நடந்துகொண்டிருந்தது. நான் அதைத் தாலாட்டுபோலக் கேட்டுத் தூங்கியிருக்கிறேன். அம்மாவிடம் யாரும் குறுக்கே பேசக் கூடாது என்று அக்கா எங்களை ஏன் விரட்டினாள் என்பதும் இப்போதுதான் புரிகிறது.

‘சந்தோஷமும் இருந்தது,’ என்று கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள். ‘கொட்டை நிறைய விழுந்த அன்றைக்குக் குரல் ஏறும்.’

12 ஆகஸ்ட்

தமிழாசிரியர் ஐயாவுக்கு: பாடுபட்டதும் பாடியதும் வேறு வேறு சொற்கள் என்றீர்கள். இலக்கணத்தில் அப்படியே இருக்கட்டும்.

அக்காவிடம் எத்தனை அடி இருக்கிறது என்று கேட்கிறார்கள். என்னிடம் முதல் அடி. அவளிடம் இரண்டும் மூன்றும், பிறகு ஆறிலிருந்து பத்து வரை. நான்கும் ஐந்தும் இல்லை. நடுவில் ஒரு குருவியும் ஒரு கிணறும் வரும் என்கிறாள், சொல் வரவில்லை. அம்மாவோடு ராட்டை சுற்றிய ஒருவர் இன்னும் களரம்பட்டியில் மகள் வீட்டில் இருக்கிறாராம், தொண்ணூறை நெருங்குகிறார். வரும் ஞாயிறு அக்காவைக் கூட்டிக்கொண்டு போகிறேன். பதிவு செய்து போடுங்கள் என்று ஏற்கெனவே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கருவி எதையும் எடுத்துப் போகவில்லை. ஒரு நோட்டும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும்.